வேலிக்கு அந்தப் பக்கம் நேற்றே பிறந்த வருஷம்

அன்புத் தங்கை ஜூதிகாவுக்கு அக்கா பிரமீளா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்கவேண்டும். இங்கே நிலைமை நன்றாக இல்லை.

வருஷப்பிறப்பன்று எல்லை வேலியோரம் காத்து நின்று, வராத உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அம்மாவைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கூட்டிப்போயிருந்தேன். தொண்டைக் கட்டி பெரிதாகிவிட்டது, கஞ்சித் தண்ணீர்கூட இறங்குவதில்லை. அந்த நிலையிலும் உனக்குத் தேங்காய் உருண்டை பிடிக்கச் சொல்லி, வெல்லம் போதவில்லை என்று என்னோடு சண்டை.

வெயில் ஏறியும் உங்கள் பக்கம் ஈ காக்கை இல்லை. காவல் நின்ற சிப்பாய்தான் கேட்டான்: “என்னம்மா, இன்னிக்கு வந்து நிக்கிறீங்க? அவங்களுக்கு நேத்தே வருஷம் பொறந்தாச்சே! ஒரு பொண்ணு ரெண்டு புள்ளைங்களோட வந்து, இருட்டுற வரைக்கும் ‘அம்மா, அம்மா’ன்னு கத்திட்டுப் போச்சு.”

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ‘வருஷம் பிறக்கும் போய்ஷாக் மாதம் முதல் தேதி வேலிக்கு வா’ என்று எழுதியவள் நான். உங்கள் நாட்டு அரசாங்கம் மாதக் கணக்கைத் திருத்தியது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. நாங்கள் இன்னும் பழைய பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நீ தொண்டை கிழியக் கத்திய நேரத்தில், இங்கே சைத்ர மாதக் கடைசி நாள் என்று நான் வீடு மெழுகிக்கொண்டிருந்தேனடி!

விஷயத்தைச் சொன்னதும் அம்மா சிரித்தாள். “அவளுக்கு எப்பவும் அவசரம்தான். எட்டு மாசத்துலயே பொறந்தவதானே” என்றாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு வீடு வரும்வரை அழுதாள்.

இனிமேல் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தபாலை நம்பாமல் நம் கணேஷ் சித்தப்பாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வேலிக்கு அப்பால் மாட்டிக்கொண்ட தன் நிலத்தை உழப்போகும்போது உங்கள் ஊர்க்காரர் யாரிடமாவது சேர்த்துவிடுவார்.

ஜூதி, இனி தேதி எதுவும் குறிக்கமாட்டேன். கடிதம் கைக்கு வந்ததும் போட்டது போட்டபடி புறப்படு. மாப்பிள்ளை கோபித்தால் நான் அவர் காலில் விழுந்து கேட்டதாகச் சொல். சிப்பாய் இரக்கப்பட்டுக் காலையில் கொஞ்ச நேரம் நிற்க விடுகிறான். அம்மாவைத் தினமும் கூட்டிப்போகிறேன். “இன்னிக்கு வந்துருவா” என்று தலை வாரச் சொல்கிறாள்.

நீ வரும் நாளில் நான் மட்டும் தனியாக நின்றால் ஒன்றும் கேட்காதே. திரும்பியும் போய்விடாதே. வேலிக்கு அந்தப் பக்கம் என்னோடு கொஞ்ச நேரம் நில்.

உன் வழி பார்த்திருக்கும்,
அக்கா பிரமீளா