கடுகு வந்து தங்கிய மழை

உத்தனப்பள்ளி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள கண்ணு மேகலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், அந்தப் போலந்துக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டுமென்று பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். உன்னோடு வேலை செய்யும் சரிதா லீவு முடிந்து கிளம்புகிறாள், அவள் கையில் ராகி மாவும் பருப்புப் பொடியும் இந்தக் கடிதமும் கொடுத்துவிடுகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இதைப் போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே வைத்துவிடுவாய் கண்ணு, அதனால்தான். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

போன வாரம் நீ பேசும்போது பின்னால் நாய் குரைக்கிறதே, யாருடையது என்று கேட்டாய், மழைக்கு ஒதுங்கிய தெருநாய் என்று சொன்னேன். அது தெருநாய் இல்லை, கடுகுதான். கல்யாணமான புதிதில் ஓசூரில் ரோட்டோரம் கிடந்த குட்டியைத் தூக்கிவந்து நீ பேர் வைத்தாயே, அதே கடுகு. மழை பிடித்துக்கொண்ட மறுநாள் சாயங்காலம் ஹரீஷ்குமார் பைக்கில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். மாப்பிள்ளை என்று எழுதக் கை வரவில்லை, விவாகரத்து ஆன பிறகு வேறு எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை, பெயரையே எழுதுகிறேன். ரெயின் கோட்டைக் கழற்றி நாய்க்குப் போர்த்திவிட்டு அவர் தொப்பலாக நனைந்திருந்தார். ஏரிக்குப் பக்கத்தில் அவர் குடியிருக்கிற வீட்டுக்குள் முழங்கால் தண்ணீராம், கூட வேலை செய்கிறவர் ரூமில் அவரைத் தங்கச் சொல்லிவிட்டார்களாம், நாயைச் சேர்க்கமாட்டோம் என்கிறார்களாம். "மழை விடற வரைக்கும் இது மட்டும் இங்க இருக்கட்டும் அத்தை, நான் உள்ள வரல" என்றார். அப்பா டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. உன்னைக் கேட்காமல் வாங்கக் கூடாது என்று எனக்கும் தோன்றியது, ஆனால் அது என் குரலைக் கேட்டுவிட்டு பைக்கிலிருந்து குதித்துவந்து கேட்டுக்கம்பிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது, திறந்துவிட்டேன்.

அப்புறம் மழை என்றால் அப்படி மழை. கீழ்க்காட்டுத் தக்காளி முழுக்கத் தண்ணீரில் நின்று அழுகிவிட்டது, மேல்காட்டுக் கொத்தமல்லி தப்பித்தது, அதுவரை சந்தோஷம். வெளியே போக முடியாமல் நாங்கள் இரண்டு பேரும் நாயும் ஒரே வீட்டுக்குள். "யார் வீட்டு நாய்க்கு யாரு காவல்" என்று அப்பா முதல் நாள் முழுக்க முணுமுணுத்தார். அதுவோ சோற்றைத் தொடவில்லை. பால் ஊற்றினேன், முட்டை உடைத்துப் போட்டேன், முகர்ந்து பார்த்துவிட்டுப் போய் உன் ரூம் கதவடியில் படுத்துக்கொண்டது. மறுநாளும் அப்படியே, வயிறு ஒட்டிப்போய்விட்டது. அந்த மழையில் மாட்டு டாக்டரும் வரமுடியாது. எனக்குப் பயமாகிவிட்டது, அப்பாதான் வேறு வழியில்லாமல் ஹரீஷுக்குப் போன் போட்டு, "ரெண்டு நாளா சாப்பிடல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்பீக்கரை அமுக்கி நாய்க்குப் பக்கத்தில் வைத்தார். அந்தப் பக்கமிருந்து "ஊட்டா மாடு கந்தா, ஊட்டா மாடு" என்று, சாப்பிடு கண்ணு என்பதைக் கன்னடத்தில் கொஞ்சலாகச் சொல்லிக் குரல் வந்தது, உடனே தட்டில் வாயை வைத்தது பார், எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அன்றிலிருந்து வேளைக்கு வேளை போன்தான். கரண்ட் போய் போனில் சார்ஜ் தீர்ந்த அன்றைக்கு அப்பாவே குந்தி உட்கார்ந்து கன்னடம் பேசினார். அவருக்குத் தெரிந்தது ராயக்கோட்டை மண்டியில் பேரம் பேசுகிற கன்னடம், அதட்டுவதுபோலத்தான் வரும். கடுகு அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று சாப்பிட்டது. அதற்கப்புறம் இடி இடித்தால் அது ஓடி ஒளிவது அப்பாவின் கட்டிலுக்கு அடியில்தான்.

மழை விட்டதும் ஹரீஷ் அழைத்துப்போக வந்தார். இந்தத் தடவை அப்பாவே எழுந்து கேட்டுக்குப் போனார், ஏதாவது கைகலப்பாகிவிடுமோ என்று பின்னாலேயே ஓடினேன். அப்பா சத்தம் போடவில்லை கண்ணு. சாதாரணமாகத்தான் கேட்டார், "ஒரு நாய்க்கு வேளைக்கு வேளை இத்தனை பேசுறீங்களே, உங்கம்மா எம் பொண்ண நாலு பேர் முன்னால வச்சு அப்படிக் கேவலமா பேசினப்ப உங்களுக்கு ஒரு வார்த்தை வரலீங்களா?" இத்தனை நாள் அவர் மனசில் இது கிடந்தது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். ஹரீஷ் தலையைத் தூக்கவில்லை. "பேசியிருக்கணும் மாமா. எந்தப் பக்கம் பேசினாலும் தப்பாயிடும்னு பேசாம இருந்தேன், அதுதான் பெரிய தப்பு" என்றார். அப்பா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, நாயை மட்டும் தூக்கி வண்டியில் உட்காரவைத்தார். கிளம்பும்போது ஹரீஷ் தயங்கித் தயங்கி, நைட் ஷிப்ட் வாரங்களில் கடுகை இங்கே விட்டுப்போகலாமா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால் அப்பா, "எங்கள கேட்டு ஆகறதில்ல, அவள கேட்டுச் சொல்றோம்" என்றுவிட்டார். மேகலா எப்படி இருக்கா அத்தை என்று ஹரீஷ் என்னிடம் கேட்டார். நல்லா இருக்கா என்று சொன்னேன். அது உண்மை என்பதால் குரல் தடுமாறாமல் வந்தது.

நீ திரும்பிப் போக வேண்டுமென்று சொல்ல இதை எழுதவில்லை கண்ணு. அந்த வீட்டிலிருந்து உன்னை அழைத்துவந்ததில் எனக்கு ஒரு நாளும் வருத்தமில்லை, அப்பாவுக்கும் இல்லை. நாய் விஷயம் மட்டும்தான். வேண்டாம் என்று நீ சொன்னால் வேண்டாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. உன்னிடம் பொய் சொன்னது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது, இப்போது பாரம் இறங்கிவிட்டது.

ராகி மாவை டப்பாவில் கொட்டி மூடி வை, காலுறை போடாமல் தரையில் நடக்காதே. நோய்நொடி இல்லாமல், போகிற இடத்திலெல்லாம் நாலு பேர் மதிக்கும்படி நீ நிறைந்து வாழ வேண்டும். உன் பதிலை அப்பாவிடமே நேராகச் சொல். கேட்காதவர் மாதிரிதான் இருக்கிறார், ஆனால் உன் போன் வந்தால் இப்போதெல்லாம் டிவியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருகிறார்.

உன் அம்மா,
வெங்கடம்மாள்