மூன்றாவது இருமல் வரை

அன்புள்ள அப்பா,

யாழினி வந்திருந்தாள். உங்கள் முதல் வருஷப் படையலுக்குத் தம்பி அவளைப் பெங்களூரிலிருந்து நம் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு அழைத்துவந்தான். பத்து நாள் ஆகிறது. எனக்கு இன்னும் சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

அவள் போன முறை வந்தது நினைவிருக்கிறதா? மூன்று வயது. நீங்கள் கொல்லையில் நின்று சிகரெட் பிடித்துவிட்டு, வாய் கொப்பளித்து, கை கழுவிவிட்டுத்தான் அவளைத் தூக்கினீர்கள். சாயங்காலத்துக்குள் அவள் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. புகையே வேண்டாம், சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டியிருப்பதே இந்தக் குழந்தைக்குப் போதும் என்றார் டாக்டர். "நான் வெளியிலதானம்மா புடிச்சேன்" என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள், திட்டு வாங்கிய பிள்ளையைப் போல. அதன் பிறகு போன் திரையில்தான் பேத்தியைப் பார்த்தீர்கள். "இந்த மாசத்தோட விட்டுடுறேன் குட்டி" என்று அவளிடமே எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? நீங்கள் விடவில்லை. உங்கள் இதயம் முந்திக்கொண்டது.

இந்த முறை அவள் அம்மா கவிதாவுக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் சொன்னாள்: "அண்ணி, அவரு மறந்துடுவாரு. உங்கள நம்பித்தான் அனுப்புறேன்."

அன்றிலிருந்து எனக்குப் பயம்தான். ஒன்றரை மாதம், சனிக்கிழமை தோறும் சிதம்பரத்திலிருந்து முதல் பஸ். உங்கள் அறைச் சுவரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தேன். டீ வடிகட்டியது போல வழிந்தது. மின்விசிறி இறக்கையைச் சுரண்டியதில் நகம் மஞ்சளானது. நீங்கள் படுத்த இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போட்டேன். பெயின்ட் வாசனை போக நாள் வேண்டும் என்று அதை முதலிலேயே அடிக்கச் செய்தேன். கொசுவத்தி, ஊதுவத்தி, பீரோவில் இருந்த பாச்சை உருண்டை, எல்லாம் வெளியே. நாற்பது வருஷம் ஒரு மனிதர் இழுத்து விட்ட புகை ஒரு வீட்டில் எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். டிவிக்குப் பின்னாலா? காலண்டர் அட்டையிலா? நான் மோந்து பார்க்காத இடமில்லை.

உங்கள் சட்டைகளுக்கு மட்டும் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"தொவைக்காதடி. அந்த வாசனையாவது இருக்கட்டும்."

"அந்த வாசனைதாம்மா அவளுக்கு ஆவாது."

"செத்தும் அந்த மனுஷன வெளிய நிறுத்துறியே" என்றார். நான்கு சட்டைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய்விட்டேன்.

படையலன்று உங்கள் அறையில் இலை போட்டோம். வடை, பாயசம், மட்டன் குழம்பு, கிள்ளையிலிருந்து சித்தப்பா வாங்கிவந்த நண்டு, புது வேட்டி. சாம்பிராணி கூடாது, ஒரே ஒரு விளக்குதான் என்று முன்பே பேசி வைத்திருந்தேன். அப்போதுதான் சித்தப்பா சட்டைப் பையிலிருந்து உங்கள் பிராண்டு பாக்கெட்டை எடுத்தார்.

"வேணாம் சித்தப்பா. கொழந்தை இருக்கு."

"அடியே, எங்க அண்ணன் சோறு இல்லாம இருப்பாரு, இது இல்லாம இருப்பாரா? சாப்ட்டு முடிச்சா கை தேடும்ல? புள்ள வெளியதான இருக்கு? கதவத்தான் சாத்தப்போறோம், பொக எங்க வெளிய வருது? ரொம்பப் படிச்சிட்ட நீ."

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். படைத்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது. போனவர் கூச்சப்படாமல் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் சித்தப்பா சொன்ன கணக்கு சரி என்று பட்டது. மூடிய அறை, புகை உள்ளேயே இருக்கும், பிறகு திறந்து காற்றாட விட்டு, மறுபடி துடைத்துவிடலாம். அது வாசல் பக்கம் போய்விடக் கூடாது என்று சன்னலைச் சாத்திக் கொக்கி போட்டதும் நான்தான்.

அதற்குச் சற்று முன்னால் யாழினி என்னிடம் கேட்டிருந்தாள், "அத்தை, தாத்தா நெஜமாவே வந்து சாப்புடுவாரா?"

வருவார் என்று பொய் சொல்லவும் எனக்கு வராது. வரமாட்டார் என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்லவும் மனமில்லை. "தெரியலடா. யாரும் பாத்ததில்ல" என்றேன்.

"அப்ப யாராச்சும் பாக்கணும்ல?"

நான் சிரித்தேன். கெட்டிக்காரி, நம்மைப் போல என்று நினைத்தேன். பின்னறையில் படம் வரைந்துகொண்டிருக்கிறாள் என்று எல்லோரும் எண்ணியிருந்தோம்.

சித்தப்பா சிகரெட்டைப் பற்றவைத்து இலையோரம் சாய்த்து வைத்தார். எனக்குத் தெரியாமல் ஒரு தட்டில் சாம்பிராணியும் போட்டிருக்கிறார். கதவைச் சாத்தினோம். வெளியே நின்றோம்.

உள்ளே யாரோ இருமினார்கள்.

அம்மா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார். "வந்துட்டீங்களா" என்று அழத் தொடங்கிவிட்டார். சித்தப்பா தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "கேட்டியாடா? அண்ணன்டா! அதே இருமல்டா!" இரண்டாவது முறை கேட்டது. வறட்டு இருமல், பாதியில் அடக்கிக்கொள்வது. அம்மா எழுந்துவிடுவாரே என்று நீங்கள் அப்படித்தான் இருமுவீர்கள்.

அப்பா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நானும் நம்பினேன். முதுநிலை அறிவியல் படித்தவள், இருபது வருஷம் பாடம் நடத்தியவள், கதவைப் பார்த்தபடி அசையாமல் நின்றேன். குழந்தை எங்கே என்ற கேள்வியே எனக்கு எழவில்லை.

மூன்றாவது இருமலில் ஒரு விசில் சத்தம் இருந்தது. உங்களுக்கு அது வந்ததில்லை.

கதவைத் தள்ளப் போனேன். சித்தப்பா கையைப் பிடித்தார். "இருடி, சாப்புடட்டும்!" அவரை எப்படித் தள்ளினேன் என்று தெரியவில்லை. உள்ளே கண் எரிந்தது. கட்டிலுக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் தூக்கித் தூக்கிப் போட்டது. உதட்டில் நிறமில்லை. கூப்பிட்டால் பார்த்தாள், பேச மூச்சில்லை.

இன்ஹேலர் என் கைப்பையிலேயே இருந்தது. ஸ்பேசர் குழாயை அதில் பொருத்தும்போது இரண்டு முறை கீழே விழுந்தது. மருந்தை அடித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினோம். தம்பி வழிநெடுக "குட்டி, குட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். மருத்துவமனையில் நெபுலைசர், ஆக்ஸிஜன். அவள் விரலில் மாட்டிய கருவியில் எண் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணை மூடித் திறந்தால் இறங்கிவிடுமோ என்று பயம். ஏறியது, மெதுவாக.

மூச்சு சீரானதும் அவள் முகமூடியை ஒதுக்கிவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: "தாத்தா வரல அத்தை. சிகரெட்டுதான் தானா எரிஞ்சிச்சு."

கவிதாவிடம் எதையும் மறைக்கவில்லை. சன்னல் கொக்கியைக்கூடச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவள நாளைக்கே அனுப்பிடுங்க அண்ணி" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. இனி அந்தக் குழந்தையை அவள் நம் வீட்டுக்கு அனுப்புவாளா?

இதை எல்லோரும் படிக்கும்படி எழுதக் காரணம் இருக்கிறது. சித்தப்பா கிள்ளையில் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "மொத இருமல் எங்க அண்ணனோடது. அப்பறம் வந்ததுதான் புள்ளையோடது." அம்மாவும் மறுப்பதில்லை. கேட்பவர்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அப்பா, மூன்றுமே அவளுடையதுதான். முதல் இரண்டு இருமலின்போதும் ஒரு குழந்தை காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. நாங்கள் நான்கு பேர் வெளியே நின்று ஆனந்தப்பட்டோம். அந்த நான்கில் நானும் ஒருத்தி. நீங்கள் வரவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது எனக்கே தெரியாது.

அடுத்த வருஷமும் உங்களுக்கு இலை போடுவேன். அம்மாவுக்காக மட்டுமில்லை. ஆனால் சிகரெட் கிடையாது. நீங்கள் உயிரோடு இருந்தபோது சண்டை போட்டும் நான் காட்டத் தவறிய கண்டிப்பை இப்போதாவது காட்டுகிறேன். கோபமென்றால் என்னிடம் வந்து கேளுங்கள். ஒன்று மட்டும் சத்தியம்: அந்த வீட்டில் இனி யார் இருமினாலும், உயிரோடு இருப்பவர்களில் யார் என்றுதான் முதலில் ஓடிப் பார்ப்பேன். வந்தது நீங்களாகவே இருந்தாலும் சரி, கொஞ்சம் காத்திருக்கத்தான் வேண்டும்.

கடைசி வரை உங்களோடு சண்டை போட்ட மூத்த மகள்,
கலைச்செல்வி