உங்கள் பெயருக்கு வந்த அட்டை

என் அன்புள்ள அப்பா,

நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. உங்கள் சைக்கிளை அம்மா ஓட்டப் பழகுகிறாள். இரண்டு முறை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். நான் அவளோடு வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறேன். பஸ்ஸில் பெண்கள் எல்லோரும் பேசிச் சிரிப்பார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வருவேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்குத் தெரியுமே. கோயிலில் ஆண்டவர் செய்ததை எழுந்து சாட்சி சொல்லும் நேரத்திலும் எழுந்து நிற்கக் கால் வரவில்லை. அதனால்தான் நம் சபைப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன்.

போன புத்தாண்டு காலை நினைவிருக்கிறதா அப்பா? வயிற்றுக் கட்டியோடு நீங்கள் கட்டிலில் கிடந்தீர்கள். தோல் பதனிடும் ஷாப் வேலையை விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. உங்களைப் பார்த்துக்கொள்ள நானும் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். "வாக்குத்தத்த அட்டையில எனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வா தாயி" என்று சொல்லி அனுப்பினீர்கள்.

ஆராதனை முடிந்ததும், அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்காக ஆளுக்கொரு வசனம் எடுக்கும்படி தட்டில் கவிழ்த்து வைத்திருந்த அட்டைகளில், ஜெபம் பண்ணி, உங்கள் பெயருக்கு முதலில் ஒன்று எடுத்தேன். பிறகு எனக்கு ஒன்று. சைக்கிள்கள் நிறுத்தும் இடத்துக்கு வந்து திருப்பிப் பார்த்தேன். உங்களுக்கு வந்தது மரண இருளின் பள்ளத்தாக்கைப் பற்றிய வசனம். எனக்கு வந்தது சுகத்தையும் நீடித்த நாட்களையும் பற்றியது. 'மரணம்' என்ற சொல்லுக்கு மேல் என் கண் போகவில்லை. வீட்டுக்கு வந்து என்னுடையதை உங்கள் கையில் கொடுத்தேன்.

எவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள். சோற்றுப் பருக்கையைத் தடவிச் சுவரில் ஒட்டச் சொன்னீர்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "டாக்டரு என்னத்தப் பெருசா சீட்டு எழுதப் போறாரு? எனக்கு மேல இருந்தே எழுதி வந்திருச்சு" என்று சிரித்தீர்கள்.

அம்மா மட்டும் விடவில்லை. "ஏங்க, ஆபரேசன் பண்ணணும்னு சொல்லியிருக்காகல்ல. மதுரைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவமே."

"வாக்கு வந்த பெறகு கத்தி எதுக்கு? ஈஸ்டர் கழியட்டும், பாப்போம்."

நான் அடுப்படியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் தெளிந்த பிறகும் கழுவிக்கொண்டே இருந்தேன். 'அது உங்க அட்டை இல்லப்பா' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

ஈஸ்டர் முடிந்து மதுரைக்குப் போனபோது டாக்டர் அம்மாவைப் பார்த்து, "ஏம்மா, ரெண்டு மாசம் முன்னாடியே வரக்கூடாதா?" என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். குனிய வேண்டியவள் நான்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். "ஏ தாயி, உனக்கு என்ன வந்துச்சுன்னு ஒருநாளும் காட்டலையே" என்றீர்கள். பாட்டுப் புத்தகத்தில் ஒளித்து வைத்திருந்த அந்த மரண இருள் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"சின்னப்புள்ளைக்கு எதுக்கு இம்புட்டு இருட்டு? சுவத்துல இருக்கறதப் பிச்சு நீ வச்சுக்க. இத நான் வச்சுக்கிறேன்."

நான் பிய்த்தேன். பாதிச் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.

"நீ பாதியில நிறுத்திட்டபோல. கடைசி வரியப் பாரு. கூடவே வாரேன்னு சொல்றாருல்ல. பெறகென்ன பயம்?"

உங்களுக்குத் தெரிந்துவிட்டதா அப்பா? அல்லது நான் செய்ததையே நீங்களும் எனக்காகச் செய்தீர்களா? கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகு பதினாறு நாள் இருந்தது.

அந்த அட்டையை உங்கள் சட்டைப் பையில் வைத்துத்தான் அம்மா பெட்டியை மூடச் சொன்னாள்.

நாலைந்து மாதம் ஜெபத்தில் வாயை மட்டும் அசைத்தேன். அட்டையை மாற்றியதற்குத்தான் ஆண்டவர் உங்களை எடுத்துக்கொண்டார் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் மில்லில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருக்கும்போது தோன்றியது: ஒரு பிள்ளையின் பயத்துக்காக அதன் அப்பனை எடுக்கிறவராக இருந்தால், நீங்கள் அவரிடம் முழங்கால் போட்டிருக்க மாட்டீர்கள். அன்று மிஷின் சத்தத்தில் வாய்விட்டு ஜெபித்தேன். வலி போகவில்லை. ஆனால் கூட யாரோ இருந்தார்கள்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அம்மா சொல்கிறாள்: "நாந்தான்டி உங்கப்பாவ இழுத்துட்டுப் போயிருக்கணும். நான் வாய மூடிட்டுக் கெடந்துட்டேன்." வாயை மூடிக்கொண்டு இருந்தது அவள் இல்லை. என் பழியை அவள் தூக்கிக்கொண்டு திரிகிறாள், நான் எதிரே உட்கார்ந்து சோறு தின்கிறேன்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அச்சில் வந்தாலும் தெரியாமலே போய்விடும் என்று ஒரு மனம் சொல்கிறது. அப்படி விட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அவளை உட்காரவைத்து இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுவேன். பிறகுதான் இது பத்திரிகைக்குப் போகும். அடித்தால் அடிக்கட்டும், அழுதால் அழட்டும். இந்த முறை பாதியில் நிறுத்த மாட்டேன் அப்பா.

நீங்கள் தந்த அட்டையை, பின்னால் ஒட்டிய சுண்ணாம்போடு வைத்திருக்கும்
உங்கள் ஒரே மகள்,
ஜெனி