தானாத் திறக்கிற ஆல்பம்

சிவகாசி
9.6.2025

ஆர்த்திக்கு,

உன் அப்பா சங்கரபாண்டியன் எழுதுறது. கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துராதே, இங்கன எல்லாரும் சுகந்தான். கவர்ல நம்ம பயர்வொர்க்ஸ் பேரு இருக்கேன்னு, விலாசம் மாறி வந்துருச்சோன்னும் நினைக்காதே. உனக்குத்தான்.

உன் கல்யாண மண்டபத்து வாசல்ல வச்சு, சொந்தபந்தம் அம்புட்டுப் பேரு முன்னாலயும், 'எங்களைக் கேக்காம மாப்பிள்ளை பார்த்துக்கிட்டவகூட இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன்'னு சொல்லிட்டு வந்தேன். சொன்னது சொன்னதுதான். நம்ம ஊர்ல லோடு லோடா வெடி போறதே வாய்ச்சொல்லை நம்பித்தான். அதை மாத்திட்டு நான் எந்த முகத்தோட ஏஜென்டுககிட்ட ஆர்டர் பேச? ஆனா நல்லா யோசிச்சுப் பார்த்தேன். பேசமாட்டேன்னுதான் சொன்னேன். எழுதமாட்டேன்னு சொல்லல.

விஷயத்துக்கு வாரேன். போன செவ்வாய்க்கிழமை வீட்டு கம்ப்யூட்டர்ல மழை வருமான்னு பார்த்துக்கிட்டிருந்தேன். திடீர்னு திரை பூராவும் சிவப்பு. உள்ள இருந்து சைரன் அடிக்கு. வைரஸ் புகுந்துருச்சு, உடனே இந்த நம்பருக்குப் போன் பண்ணுன்னு ஒரு பொம்பளை இங்கிலீஷ்ல கத்துதா. சைரன் கேட்டா நம்ம ஆளுக என்ன செய்வோம்னு உனக்குத் தெரியும்லா. மெயினை அணைச்சேன். உங்க அம்மா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுத் தெருவுக்கு ஓடினேன். அவ ரசத்தை அடுப்புலயே விட்டுட்டு வந்தா. பக்கத்து வீட்டு ஆளுகளையும் வெளிய வரச்சொல்லிட்டு, மணல் வாளியோட உள்ள போய்ப் பார்த்தா, கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு இருட்டுல உக்காந்திருக்கு. ரசம் பொங்கி அடுப்பு அணைஞ்சதுதான் மிச்சம். தெருவே சிரிச்சுது. எனக்கு மட்டும் சிரிப்பு வரல.

வைரஸைப் பிடிக்கிற சாமான் இலவசமாவே கிடைக்குதாம். பயர்வால்னு இன்னொண்ணும் போடணுமாம். எதைப் போடலாம்னு பார்த்து எழுது. இனாமா வந்த வெடி ஒழுங்கா வெடிச்சதை நான் பார்த்ததில்லை, அதான் உன்கிட்ட கேக்கேன். அந்தக் கம்ப்யூட்டர்ல முக்கியமான சரக்கு இருக்கு. அது அழிஞ்சிரக்கூடாது. சரக்குன்னா வேற ஒண்ணுமில்லை, விலைப்பட்டியல்தான்.

அங்கன சுகமான்னு உங்க அம்மா கேக்கச் சொன்னா.

இப்படிக்கு,
உன்னோடு பேசாத அப்பா


கோயம்புத்தூர்
13.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கூரியர்காரர் கவரை நீட்டினதும் உங்க எழுத்துதான்னு தெரிஞ்சுபோச்சு. வாசல்ல நின்னபடியே வாசிச்சேன், உள்ள வந்து வாசிச்சேன், ஆபீசுக்குப் பஸ்ல போகும்போதும் வாசிச்சேன். கல்யாணம் முடிஞ்சு வந்த நாள்ல இருந்து எனக்கு இந்த மாதிரி ஒரு சந்தோஷம் கிடையாதுப்பா. அந்த சைரனுக்கு நான் ஒரு கும்பிடு போடணும்.

மணல் வாளி சேதியை வாசிச்சு விக்னேஷ்வரனும் விழுந்து விழுந்து சிரிச்சாரு. அவரு பேரை எழுதினது பிடிக்கலைன்னா அந்த வரியை மட்டும் அடிச்சுட்டு மீதியை வாசிங்க.

சைரன் அடிச்சது வைரஸ் இல்லை, ஏமாத்துக்காரன். நீங்க பயந்து அந்த நம்பருக்குப் போன் போடணும்னுதான் அந்தக் கூப்பாடு. நீங்க போன் பண்ணாம மெயினை அணைச்சீக பாருங்க, அதுவே நல்ல காரியம்.

இப்ப இலவசத்துக்கு வருவோம். உங்க விண்டோஸ் கூடவே வைரஸைப் பிடிக்கிறதும் வருது, பயர்வாலும் வருது. ரெண்டையும் அணைக்காம வச்சு, அப்டேட் கேட்கும்போது விட்டீகன்னா நம்ம வீட்டுக்கு அது போதும். வேற ஒண்ணு வேணும்னு உங்களுக்கு மனசு கேட்டா, அதைத் தயாரிச்ச கம்பெனியோட சொந்தப் பக்கத்துல இருந்து மட்டும் எடுங்க. வெளி ஆளுக சோதிச்சு நல்லதுன்னு சொல்லியிருக்கணும். இலவசம்னு சொல்லிட்டு கார்டு நம்பர் கேட்டா அந்தப் பக்கமே போகாதீக. சிலது சும்மா கிடைக்கும், ஆனா காசு குடுத்து பெரிசை வாங்குன்னு நாள் பூராவும் நச்சரிக்கும். உங்களுக்கு ஆகாது.

விலைப்பட்டியல் ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான இருக்கும்? வீட்டுக்கு எப்படி வந்துச்சு?

உங்க மக,
ஆர்த்தி


சிவகாசி
18.6.2025

ஆர்த்திக்கு,

நீ எழுதினபடியே எல்லாம் செஞ்சுட்டேன். சொந்தப் பக்கம்தானான்னு பார்த்து, சோதிச்சவுக சொன்னதையும் பார்த்து, மூணு சாமான் எடுத்தேன். ஒண்ணுல குடை படம், ஒண்ணுல பூட்டு படம், இன்னொண்ணுல கழுகு. லேபிள் மூணும் அருமை, நம்ம பிரஸ்காரனுககூட இப்படி அடிக்கமாட்டானுக. எது நல்லதுன்னு தீர்மானிக்க முடியல. சரி, காசா பணமான்னு மூணையும் போட்டுட்டேன். வெடிமருந்து ரூம் வாசல்ல மணல் ஒரு வாளியா வைக்கோம்? வரிசையா வைக்கோம்ல.

பயர்வாலைப் பத்தி நீ சுருக்கமா எழுதிட்ட. எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். கழுகு கூடவே வந்த பயர்வால், எது உள்ள வந்தாலும் வெளிய போனாலும் என்கிட்ட கேக்கு, விடவா வேண்டாமான்னு. நம்ம ஃபேக்டரி கேட்டுல பாண்டி நின்னு, வாரவன் சட்டைப்பையைத் தடவித் தீப்பெட்டி, பீடி, செல்போனை எல்லாம் வாங்கி வைப்பான்ல, அதே வேலை. நான் எல்லாத்துக்கும் வேண்டாம்னே அமுக்கிட்டேன். கேட்டுல நின்னா கறாரா இருக்கணும்.

ஒரே ஒரு குறை. இப்ப கம்ப்யூட்டர் எந்திரிக்கவே ஒரு காப்பி குடிக்கிற நேரம் ஆகுது. பிரிண்டர் வாயைத் திறக்கல. குடை கழுகைத் திருடன்னு சொல்லுது, கழுகு பூட்டைத் திருடன்னு சொல்லுது. இன்டர்நெட்டும் வரல. வராட்டிப் போகட்டும், பத்திரமா இருக்குல்ல. ஆனா எனக்கு வேண்டியது ஒண்ணு திறக்க ரொம்ப நேரம் எடுக்கு. அதுக்கு மட்டும் ஒரு வழி சொல்லு.

விலைப்பட்டியல் வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டிருந்த. சீசன் நேரத்துல இந்தக் குறுக்கு விசாரணைக்கெல்லாம் எனக்கு நேரமில்லை.

உன்னோடு பேசாத அப்பா


கோயம்புத்தூர்
22.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரே கேட்டுல மூணு வாட்ச்மேனைப் போட்டா என்னாகும்? ஒருத்தன் பையை ஒருத்தன் தடவிக்கிட்டு நிப்பான், லாரி வெளியவே நிக்கும். அதுதான் உங்க கம்ப்யூட்டர்ல நடக்குது. மணல் வாளி எத்தனை வேணாலும் வைக்கலாம். இது ஒண்ணுதான் இருக்கணும். ஏதாவது ஒண்ணை வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் எடுத்துருங்க.

அப்புறம், எல்லாத்துக்கும் வேண்டாம்னு அமுக்கினா உங்க சொந்த ஆளுகளே உள்ள வரமுடியாதுப்பா. பிரிண்டரும் இன்டர்நெட் திறக்கிறதும் நம்ம வீட்டு ஆளுக, அதுகளை விடுங்க. பேரே தெரியாதது வந்து கேட்டா மட்டும் மறிங்க.

மிஞ்சுற ஒண்ணை வச்சுக் கம்ப்யூட்டர் பூராவும் ஒரு தடவை சோதனை போட்டுப் பாருங்க. சந்தேகமா எது மாட்டினாலும் அதுவே பிடிச்சுத் தனி ரூம்ல பூட்டி வச்சுக்கும்.

நீங்க கறாரா கேட்டுல நிக்கிறதை நினைச்சு நினைச்சு சிரிக்கேன். கூரியர்காரரை நான் இப்ப தெருமுனைக்கே போய் மறிக்கேன்னா பார்த்துக்கோங்க. வெயில்ல ரொம்ப அலையாதீக.

உங்க மக,
ஆர்த்தி


சிவகாசி
28.6.2025

ஏ தாயி,

மாட்டிருச்சு. கழுகை மட்டும் வச்சுக்கிட்டு நேத்து சோதனை போட்டேன். ஒருத்தன் வசமா அகப்பட்டுட்டான். சிவப்பு எழுத்துல ஏதோ பேரு, முன்னால பின்னால நம்பரு. நீ சொன்னபடியே தனி ரூம்ல பூட்டியும் வச்சிருச்சு. எனக்கு இருக்கிற சந்தோஷத்துக்கு போர்மேன் முனியராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிடிச்சு வச்சா மட்டும் போதுமா? மிச்ச மருந்தை ராத்திரி தங்க விடலாமா? சாயங்காலம் மணி அடிக்கிறதுக்கு முன்னால, மிஞ்சின கலவையை எடுத்துட்டுப் போய்க் குழியில போட்டு அழிச்சுட்டுத்தான நம்ம ஃபேக்டரியில ஆளுக வீட்டுக்குப் போகும். இத்தனை வருஷத்துல ஒரு நாளும் நான் அதை மாத்தினதில்லை. அதனால பொழுது சாய்றதுக்குள்ள அந்தத் தனி ரூமைத் திறந்து, உள்ள இருந்ததை ஒரேயடியா அழிச்சுட்டேன். நிச்சயமாவான்னு கேட்டுச்சு. நிச்சயமாத்தான்னு அமுக்கினேன். முனியராஜ் கை தட்டினான்.

மேல உள்ளது காலையில எழுதினது. இப்ப மத்தியானம். சாப்பிட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தேன். உன் கல்யாண ஆல்பத்தைக் காணோம்.

ஸ்டூடியோக்காரன் பண்ணிக் குடுத்தது, தட்டினா தானாத் திறந்து பாட்டோட பக்கம் பக்கமாப் புரளுமே, அது. நேத்து அழிச்ச திருட்டுப்பய அதுதான் போலருக்கு. குப்பைத்தொட்டியில பார்த்தேன், இல்லை. நீ குடுத்துவிட்ட பென் டிரைவுல பார்த்தேன். பத்திரமா இருக்கட்டும்னு அதையும் கம்ப்யூட்டர்ல சொருகி வச்சுத்தான் சோதனை போட்டேன். அதுலயும் இல்லை.

உங்க அம்மா தினமும் மத்தியானம் சாப்பிட்டுட்டு அதைத்தான் பார்ப்பா. அதுலயும் ஒரு படம். நீ மணமேடையில மாலையோட உக்காந்து, ஐயர் சொல்றதைக் கவனிக்காம மண்டபத்து வாசலையே பார்த்துக்கிட்டிருப்ப. அந்தப் பக்கம் வந்தா அவ அடுத்த பக்கத்துக்குப் போகவிடாம நிறுத்தி வச்சுருவா. இன்னிக்கு அவ பட்ட பாடு சொல்லி முடியாது. அழுதுட்டா.

அழிச்சது திரும்பி வருமா? வரும்னா எம்புட்டு செலவானாலும் சரி. சீக்கிரம் எழுது.

அப்பா


கோயம்புத்தூர்
2.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

முதல்ல இதை வாசிச்சுட்டு மூச்சு விடுங்க. ஆல்பம் பத்திரமா இருக்கு. மூலம் என்கிட்ட இருக்கு, இன்னொண்ணும் எடுத்து வச்சிருக்கேன். ஒரு படம்கூடப் போகல.

அது திருடனும் இல்லை. தானாத் திறக்கிற எதைப் பார்த்தாலும் இந்தக் கழுகுகளுக்குச் சந்தேகம் வரும். தப்பா பிடிச்சுட்டா நம்மளே வெளிய எடுத்து விட்டுக்கலாம்னுதான் அந்தத் தனி ரூம். உங்களுக்கு எழுதும்போது நான் அதை விளக்கியிருக்கணும், மிச்ச மருந்து எனக்கு ஞாபகம் வரல.

அப்பா, அந்தப் பென் டிரைவை, ஊருக்கு வந்த நம்ம தங்கப்பாண்டி அண்ணன் கையில அம்மாவுக்குன்னுதான் குடுத்துவிட்டேன். நேத்து அம்மாகிட்ட போன்ல கேட்டேன். அது இன்னும் பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியிலதான் இருக்குன்னாக. அம்மாவுக்குக் கம்ப்யூட்டரை எங்கன தட்டினா எரியும்னே தெரியாது. மத்தியானம் சாப்பிட்டதும் தூங்கிருவாகளாம். அப்புறம் அந்த வாசலைப் பார்க்கிற படம் இருக்கே, அதை எடுக்கும்போது அம்மா என் பக்கத்துலதான் நின்னாக.

எனக்கு வேற யாரும் எதுவும் விளக்க வேண்டாம். வாசிச்சுட்டு ரொம்ப நேரம் அழுதேன், அது நல்ல அழுகைதான்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கா, இந்தூர் ஏஜென்டு வாய்ச்சொல்லா ஒரு லோடு கேட்டுட்டு, அப்புறம் எடுக்க முடியாம உங்க முன்னால வந்து தலை குனிஞ்சு நின்னாரு. நீங்க ஒரு வெத்தலையை எடுத்து அவரு கையில வச்சு, 'சொல்லை வாங்கினவன் நான், நானே திருப்பிக் குடுத்துட்டேன், இப்ப உம்ம வாக்கு தவறல, போய்ச் சாப்பிடும்'னு அனுப்பினீக. நம்ம பக்கமெல்லாம் அதுதான் வழக்கம்னு அன்னிக்கு எனக்குச் சொன்னீக.

மண்டபத்து வாசல்ல நீங்க குடுத்த சொல்லை வாங்கினவ நான்தான். அதை உங்களுக்குத் திருப்பிக் குடுத்துட்டேன். கவருக்குள்ள வெத்தலை இருக்கு.

ஆல்பத்தை மெயில்லயும் அனுப்பமாட்டேன், கூரியர்லயும் அனுப்பமாட்டேன். நானே கொண்டாந்து போட்டுத் தரணும்னு ஆசையா இருக்கு. வரட்டுமா?

உங்க மக,
ஆர்த்தி


சிவகாசி
7.7.2025

ஆர்த்திக்கு,

வெத்தலை வந்துச்சு. வழியிலயே வாடிப்போச்சு. இருந்தாலும் செல்லும்.

உங்க அம்மாவைச் சாட்சிக்கு நிக்க வச்சு, சாமி படத்துக்கு முன்னால வாங்கிக்கிட்டேன். முனியராஜையும் கூப்பிட்டேன், நாளைக்கு ஒருத்தன் ஒண்ணு சொல்லக்கூடாது பாரு. பென் டிரைவ் பட்டுச்சேலைக்கு அடியில இல்லைங்கிறது உங்க அம்மாவுக்கு இன்னிக்குத்தான் தெரியும். அவ என்ன சொன்னாங்கிறதை எழுதமுடியாது.

ஆல்பத்தை நீயே கொண்டா. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா, கழுகுகிட்ட இது நம்ம ஆளுன்னு சொல்லிவைக்கிறது எப்படின்னு அவரு எனக்குக் காட்டட்டும். இங்கன உள்ளவனுக யாருக்கும் தெரியல.

இதுக்குப் பதில் எழுதாதே. எழுதி, அது வந்து சேர்ற வரைக்கும் என்னால இருக்கமுடியாது. வெள்ளிக்கிழமை காலையில உன் போன் அடிக்கும். எடு. முதல்ல நீ பேசு, எனக்கு எங்கன ஆரம்பிக்கன்னு தெரியல.

அப்பா