பூச்சிப் பொடி

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர, அதைக் கணக்கில் சேர்க்காதே. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி நலமாக இருக்க வேண்டும், ஃபோனில் உன் குரலைக் கேட்டால் அப்படித் தெரியவில்லை. நீ அனுப்பிய புழுத் தூள் மூட்டைகள் வந்து சேர்ந்தன. நீ சொன்னபடியே தீவனத்தில் நாலில் ஒரு பங்கு கலந்து போட்டேன், முதலில் மீன்களெல்லாம் மாப்பிள்ளை முறுக்கு காட்டின, இப்போது நான் கரையில் போய் நின்றாலே தண்ணீர் கொதிக்கிற மாதிரி மேலே வருகின்றன. கடலில் கிடக்கும் பொடி மீனையெல்லாம் அரித்து வந்து அரைத்துக் குளத்து மீனுக்குப் போடுவது என்ன புத்தியோ, உங்கள் கம்பெனியில் காய்கறிக் குப்பை தின்று கொழுத்த ஈப் புழு அந்த வேலையைச் செய்யும் என்றால் செய்துவிட்டுப் போகட்டுமே. இது மீனுக்குக்கூடப் புரிந்துவிட்டது, உன் சித்தப்பாவுக்குத்தான் புரியவில்லை.

உன் அப்பா கண்ணை மூடிய நாளிலிருந்து சித்தப்பாவுக்கு நம் குளத்தின் மேல் ஒரு கண். தூர்த்து மண் அடித்து வண்டி நிறுத்த வாடகைக்கு விடலாமாம். இந்தத் தடவை மீன் பிடிப்பை வியாபாரி எடுக்காவிட்டால் குளத்தை உங்களிடமே விட்டுவிடுகிறேன் என்று நானும் ஒரு வீம்புக்கு அவரிடம் வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தேன். டயர் கடை வைத்து நாளெல்லாம் ஈ ஓட்டுகிற மனுஷன், ஈ வளர்த்துச் சம்பளம் வாங்குகிற உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார். இவ்வளவு படிச்சு கடைசியில புழு மேய்க்கப் போயிருக்காளே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வது, மனுஷன் திங்கிற மீனுக்குப் புழுவா என்று மூஞ்சியைச் சுளிப்பது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆற்றோரம் உட்கார்ந்து தூண்டிலில் இவர் என்ன, முந்திரிப் பருப்பையா கோர்க்கிறார்?

நீ அனுப்பிய மூட்டையின் மேல் இருந்த எழுத்து எனக்குப் படிக்க வராதது. தவிட்டு மூட்டையோடு குழம்பக் கூடாதென்று நானே மார்க்கரால் பெரிதாகப் பூச்சிப் பொடி என்று எழுதி வைத்தேன். பூச்சியை அரைத்த பொடி பூச்சிப் பொடி, வேறெப்படி எழுதுவது? அந்த மகாராஜா அதைப் பூச்சியைக் கொல்கிற பொடி என்று படித்திருக்கிறார். எறும்புப் பொடி எறும்பைக் கொல்லும், அப்போது பூச்சிப் பொடி பூச்சியைக் கொல்லும், அவ்வளவுதான் அவருடைய இலக்கணம். புழு என்றால் நெளியும் என்றே நினைத்திருந்தவருக்குக் காய்ந்த தூளைப் பார்த்ததும் இதுதான் அந்தப் புழு என்று தோன்றவே இல்லை. படித்ததோடு விட்டாரா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு டப்பா நிறைய அள்ளிக்கொண்டு போய்த் தன் வீட்டுச் சமையலறையில் கரப்பான் பூச்சிக்குச் சந்து பொந்தெல்லாம் தூவிவிட்டார், காசு கொடுத்து வாங்கினால் கை தேய்ந்துவிடும் பார். மறுநாள் காலையில் நான் அதே பொடியைத் தீவனத்தில் கலந்து குளத்தில் வீசுவதைப் பார்த்திருக்கிறார். நேராக வியாபாரியிடம் ஓடி, அண்ணி குளத்துல விஷம் கலக்குறாங்க, அந்த மீனைத் தொட்டுடாதீங்க என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குத்தான் பிடிப்பு. வலைக்குள் மீன் துள்ளுகிறது, வியாபாரி வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். வாங்கிச் சாப்பிடுறவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்கம்மா ஓடுறது என்கிறார். மூட்டையைக் கொண்டு வந்து காட்டலாம் என்றால் அதில் என் கையெழுத்திலேயே பூச்சிப் பொடி! குளம் போயிற்று என்றே நினைத்தேன். உன் சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு, நானே என் வீட்ல தூவியிருக்கேன் சார், அசல் விஷம் என்று சாட்சி வேறு சொல்கிறார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அவர் சொல்லி வாய் மூடவில்லை, உன் சித்தி துடைப்பமும் கையுமாக வந்து நின்றாள். என்ன கருமத்தைங்க கொண்டாந்து கொட்டினீங்க, ஊர்ல இருக்கிற கரப்பானெல்லாம் நம்ம வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கு, எறும்பு சர்க்கரையை விட்டுட்டு அதைத் தூக்கிட்டுப் போகுது, ஒண்ணாவது செத்துச்சா என்று கத்துகிறாள். வியாபாரி அவள் பின்னாலேயே போய்ச் சமையலறையை எட்டிப் பார்த்திருக்கிறார், அடுப்பு மேடைக்குக் கீழே பூனை அந்தப் பொடியை நக்கிக்கொண்டிருந்ததாம். திரும்பி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, வலையை இழுங்க என்றார். உன் சித்தப்பா முகத்தில் ஈயாடவில்லை. உங்கள் கம்பெனியிலிருந்து ஒன்றை அனுப்பியிருந்தால்கூட ஆடியிருக்காது.

மீன் மொத்தமும் விலை போயிற்று, அடுத்த பிடிப்பும் தனக்கே என்று வியாபாரி சொல்லிவிட்டுப் போனார். குளம் தங்கிவிட்டது. ஆனால் உன் சித்தப்பா போகிற போக்கில் ஒன்று சொன்னார், குளத்தைத் தூர்க்க உங்க மகளே போன மாசம் என்கிட்ட சரின்னுட்டா, உங்களுக்குத்தான் தெரியாது அண்ணி என்று. பொய் என்று அவர் மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அம்மா இனிமே உனக்கு எதுக்கு இந்தப் பாடு என்று நீ ஒவ்வொரு தடவையும் ஆரம்பித்து ஆரம்பித்து நிறுத்துவது ஞாபகம் வந்தது. ஒரு கையால் தீவனம் அனுப்பிவிட்டு மறு கையால் மண் அடிக்கச் சொன்னாயா? அவரை நான் ஒரு மனுஷனாகவே மதித்ததில்லை, அதனால் அவர் செய்தது எதுவும் என்னைத் தைக்கவில்லை. இது தைத்தது.

ஈரத் தலையோடு படுக்காதே, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். அவர் சொன்னது பொய்யென்றால் மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு. நிஜமென்றால் நீயே அவருக்கு ஃபோன் போட்டு, சரின்னு சொன்னது தப்பு சித்தப்பா என்று உன் வாயால் சொல். சொன்ன பிறகு அடுத்த மூட்டையை அனுப்பு, அதற்கு முன்னால் அனுப்பாதே.

இப்படிக்கு,
வருகிற மாதம் குளத்தில் புது மீன்குஞ்சு விடப்போகிற
உன் அம்மா