404 அல்ல, 403

இன்று காலை வாடிக்கையாளர் ஒருவர் தன் இணையத்தளத்தைப் பற்றித் தொலைபேசியில் கேட்டார்: "அனுமதி இல்லையெண்டு காட்ட வேணாம். பக்கமே இல்லையெண்டு 404 போட்டுடுங்க. உள்ளுக்கு ஒண்டு ஈக்கிறது ஏன் வெளிய தெரியணும்?" எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது மச்சான். நீ இருந்திருந்தால் மனிதரை ஒரு வழி பண்ணியிருப்பாய்.

யுத்தத்தின் கடைசி வருடங்களில், கண்டி நகரில் ஒரு துணிக்கடை மாடியில் நாம் இணையத்தளங்கள் செய்துகொண்டிருந்தோம். நான் அலவத்துகொடையிலிருந்து பஸ்ஸில் வருவேன். நீ யாழ்ப்பாணத்தான், அம்பிட்டியவில் வாடகை அறை. எந்தப் பிழை வந்தாலும் 404 போட்டு வேலையை முடிக்கச் சொல்வார் முதலாளி. நீ மேசையில் தட்டுவாய். "தேடினது இல்லையெண்டால்தான் 404. இருக்கு, ஆனா விடமாட்டம் எண்டால் அது 403. பூட்டின கதவைச் சுவர் எண்டு சொல்லாதையுங்கோ!" 410 போடுவதென்றால் மட்டும் தயங்குவாய். இருந்தது, எடுத்தாயிற்று, இனி வராது, தேடாதே என்பதல்லவா அதன் பொருள்! "அதை நல்லா யோசிச்சுத்தான் போடோணும்" என்பாய். "நம்பருக்கெல்லாம் இவ்வளவு சண்டையா? பிளேன்டீ ஆறுது, குடி" என்று நான் சிரிப்பேன்.

பிறகு ஒரு நாள் அறைக்கு வந்து உன்னைக் கொண்டுபோனார்கள். கண்ணாடியைக்கூட எடுக்க விடவில்லை. இடம்பெயர்ந்து வவுனியாவில் இருந்த உன் அம்மா ஓடிவந்தார். அவரை அழைத்துக்கொண்டு இராணுவ முகாம் வாசலுக்குப் போனேன்.

"எஹெம கெனெக் நே" என்றான் காவலுக்கு நின்றவன். அப்படி ஒருவர் இல்லையாம். அம்மாவுக்குச் சிங்களம் புரியவில்லை. உன் கண்ணாடியை நீட்டினார். "இது இல்லாட்டி அவனுக்கு ஒண்டும் தெரியாது தம்பி. இதை மட்டும் குடுத்துவிடுங்கோ." நான் சிங்களத்தில் சொன்னேன். அவன் அலுப்போடு தலையாட்டினான். கண்ணாடியெல்லாம் உள்ளே கொடுக்க அனுமதி இல்லையாம்.

யா அல்லாஹ்! ஆளே இல்லையென்றால் யாருக்குக் கொடுக்க அனுமதி இல்லை? கத்திக் கேட்டேன். துப்பாக்கியைத் தூக்கித் துரத்தினான். பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப பிள்ளை உள்ளுக்கைதான் இருக்கிறான், என்ன?" "ஓம் அம்மா" என்றேன்.

யுத்தம் முடிந்து எத்தனையோ வருடங்கள். மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டு ஆறுதலாக இருக்கும்படி அதிகாரிகள் அம்மாவிடம் சொன்னார்கள். "செத்திட்டான் எண்டு சொல்லுறவை, எங்கை வைச்சு எண்டும் சொல்லட்டும்" என்று எழுந்து வந்துவிட்டார். போன வருடம் நடக்க முடியாமல் போனதும் கண்ணாடியை என் கையில் தந்தார். "இனி நீ கேள் தம்பி." கேட்கிறேன். போகிற இடமெல்லாம் அதைக் கொண்டுபோய்க் கேட்கிறேன்.

வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டேன், அந்தப் பக்கத்தில் 403தான் இருக்கும், பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்று. உனக்கு 410 போடச் சொல்கிறார்கள். போடமாட்டேன் மச்சான். பூட்டியவர்கள் வந்து திறக்கட்டும்.