ராணிக்குக் கேதம் கேட்ட கதை

மணமேல்குடி
ஐப்பசி, வியாழக்கிழமை

அன்பு மகள் இலக்கியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அங்கே நீ ஆராய்ச்சி செய்கிற ஆன் மகாராணி சுகமா? அவளை முதலில் விசாரித்தால்தான் நீ மேற்கொண்டு படிப்பாய், அதனால் கேட்டுவிட்டேன். செத்து முந்நூறு வருசம் ஆகியும் நம் வீட்டுப் போனில் என்னைவிட அதிகமாக அடிபடுகிறவள் அவள்தானே. மரியசெல்வம் அண்ணன் மகள் ஷர்லி லீவு முடிந்து லண்டன் கிளம்புகிறாள், அவளிடம் நார்த்தங்காய் ஊறுகாயும் இந்தக் கடுதாசியும் கொடுத்துவிடுகிறேன். போனில் பேசினால் நடுவே ராணி வந்துவிடுகிறாள், கடுதாசியில் நான் மட்டும்தான் பேசலாம்.

கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று அறந்தாங்கி டாக்டரம்மா சொன்னதைப் போன வாரம் சொன்னேன், கார்த்திகைக் கடைசியில் ஆபரேஷன், வந்து பக்கத்தில் இருடி என்றேன். நீ என்ன சொன்னாய்? பார்க்கிறேம்மா, ராணியோட கடைசிக் காலத்தை அந்த மாசம்தான் எழுதிக் கொடுக்கணும் என்றாய். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை, இப்போது ஸ்கேன் எடுத்தால் அதில்கூடத் தெரியும். பட்டம் கட்டுகிற நாளில் கால் வீங்கி நடக்க முடியாமல் அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள் என்று உருகி உருகிச் சொன்னாயே, நான் ஸ்கேனுக்குப் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனேன், அதற்கு ஒரு உச்சுக் கொட்டினாயா? இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் ஒன்றாக்கினாளாம். வேலித் தகராறில் பேச்சை முறித்துக்கொண்ட உன் அப்பாவையும் சித்தப்பாவையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தவள் நான், அதை எந்த யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிறார்கள்?

புரட்டாசியில் நடந்த கூத்து உனக்குப் பாதிதான் தெரியும். எப்போதும் ராணி ராணி என்கிறவள் அன்றைக்கு மட்டும் பேரைச் சொல்லி, ஆனோட பையன் செத்துட்டான்ப்பா, பதினோரு வயசுதான் என்று அப்பாவிடம் அழுதுவிட்டு வைத்துவிட்டாய். மனுசன் நீ குடியிருக்கிற வீட்டுக்காரம்மா பிள்ளை என்று நினைத்து, என்னிடமும் சொல்லி, டீக்கடையிலும் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் பிரகதாம்பாள் மதினி நாலு பொம்பளைகளைக் கூட்டிக்கொண்டு கேதம் கேட்க வந்துவிட்டாள். நம்ம புள்ளைக்குச் சோறு போட்ட மகராசிக்கா இந்தக் கெதி என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழ, சும்மா இருந்தால் நன்றாக இருக்காதே, நானும் சேர்ந்து அழுதேன். உன் அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தலைகுனிந்து நின்றார். நடுவில் உனக்குப் போன் போட்டால், அம்மா அது ஆயிரத்து எழுநூறாம் வருசம்மா என்கிறாய்! மதினி, எப்ப எடுக்கிறாகளாம் என்று கேட்டாள். அடக்கம் ஆயிடுச்சாம் மதினி என்றேன், பொய்யில்லையே. கேத வீட்டில் போய் வாரேன் என்று சொல்லக் கூடாதே, சொல்லாமல் எழுந்து போனார்கள். அதே மதினிதான் என் ஆபரேஷனைச் சொன்னபோது, அட, தெருவுக்கு நாலு பேரு எடுத்துட்டுத்தான் திரியிறாளுக என்று முருங்கைக்காய் கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

ஒன்று சொல்கிறேன். உன் ராணி நாற்பத்தொன்பதில் போய்ச் சேர்ந்தாள் என்று நீதான் சொன்னாய். ஆவணியோடு எனக்கும் நாற்பத்தொன்பது, கவனித்தாயோ என்னவோ. சின்ன ஆபரேஷன்தான் என்று ஊருக்கெல்லாம் நான்தான் தைரியம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், எனக்குச் சொல்லத்தான் ஆளில்லை. உன் அப்பாவை நம்பி உள்ளே போக முடியாது, ஊசியைப் பார்த்தாலே அவரைத் தாங்க இரண்டு பேர் வேண்டும். அவள் பதினேழு தடவை உண்டாகியும் ஒன்றும் நிலைக்கவில்லை என்றாய். நான் ஒரே தடவைதான் உண்டானேன், நீ நிலைத்தாய். இந்த ஒன்றிலாவது அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படட்டும் என்றால், ஆபரேஷன் அன்றைக்கு நீ வாசலில் நிற்க வேண்டுமடி.

நினைத்த பட்டத்தை வாங்கி, குளிரில் சளி பிடிக்காமல், நீ நல்லா இருக்க வேண்டும் என்று அம்மனுக்கு விளக்குப் போட்டிருக்கிறேன். ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. டிக்கெட் போட்டால் எனக்குச் சொல், அப்பாவிடம் சொன்னால் டீக்கடையில் வேறு என்னவாகவோ ஆகிவிடும். அவள் முந்நூறு வருசம் பொறுத்தவள், இன்னும் ஒரு மாசம் பொறுப்பாள்.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடு இருக்கிற
உன் அம்மா செவந்தி